மார்கிறட் போட்ட கதிரை

மாங்கேணியில் ஒரு வீட்டில் விசிறி நின்றுபோனால் அந்த வீட்டார் முதலில் விசிறியைப் பார்ப்பதில்லை, மார்கிறட்டைக் கூட்டிவர ஆள் அனுப்புவார்கள். மார்கிறட்டுக்கு விசிறி திருத்தத் தெரியாது. ஒரு ஸ்குரூவை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதுகூட அவளுக்கு நிச்சயமில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். திருத்த வருகிற பாஸுக்கு, அதாவது வேலைக்காரனுக்கு, முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவாள். வேலை முடியும்வரை அவனுடைய கைகளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள்.

இதைக் கேட்டு வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய ஊரில் கடைத்தெருவுக்குப் போனால் நாலு திருத்துகிற கடை இருக்கும். ஒருவன் ஏமாற்றினால் அடுத்தவனிடம் போகலாம். மாங்கேணிக்காரர் எங்கே போவது? ரைஸ் குக்கரென்றால் மடியில் வைத்துக்கொண்டு வாழைச்சேனை பஸ்ஸில் ஏறலாம். பிரிட்ஜை மடியில் வைக்க முடியுமா? ஓட்டோவில் கட்டி அனுப்பினால் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். வெளித்தோற்றம் நம்முடையதுதான். உள்ளே இருப்பது யாருடையது என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

மார்கிறட்டுக்கு இது வாழ்ந்து படித்த பாடம். அவளுடைய கலியாணத்துக்கு வந்த மேசைவிசிறி ஒன்று இருந்தது. உள்ளே செம்புக்கம்பி சுற்றியது, லேசில் சாகாத சாமான். அது ஒருநாள் முனகத் தொடங்கியதும் பட்டணத்துக் கடையொன்றில் கொடுத்தாள். திரும்பி வந்த விசிறி சுற்றியது, ஆனால் கொஞ்ச நேரத்தில் கொதித்தது. இன்னொருவனைக் கொண்டு திறந்து பார்த்தால் உள்ளே செம்பே இல்லை, வெள்ளைக் கம்பி! மார்கிறட் விசிறியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கு ஓடினாள். கடைக்காரன் பல்லுக் குத்திக்கொண்டே கேட்டான்.

"உள்ளுக்குக் கிடந்தது உங்கட சாமான்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

அவளிடம் அத்தாட்சி இல்லை. கடைவாசலில் நின்று அழுதாள். அழுதுகொண்டு பஸ்ஸில் வரும்போதுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா மேற்கே காட்டோரத்தில் மாடு வைத்திருந்தவர். அவருடைய மாடு வேறொருவன் பட்டியில் கலந்துவிட்டால் அவர் சண்டை பிடிப்பதில்லை. மாட்டின் வலது தொடையைத் திருப்பிக் காட்டுவார். ஒரு வளையமும் அதற்குள் ஒரு கொக்கியும் சுட்டிருக்கும். அந்தக் குறிக்கு மேலே எவனும் வாய் திறக்கமாட்டான்.

அன்றைக்கே ஒரு சிவப்புக் கியூட்டெக்ஸ் போத்தல் வாங்கினாள். நகத்துக்குப் பூச அல்ல. வீட்டில் கரண்டில் ஓடுகிற சாமான் எல்லாவற்றையும் கவிழ்த்துப்போட்டு, கண்ணுக்கு எட்டிய உறுப்பிலெல்லாம் வளையமும் கொக்கியும் போட்டாள். அதற்குப் பிறகு எந்தச் சாமானும் அவள் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. திருத்துகிறவன் வீட்டுக்கு வரவேண்டும், அவளுக்கு முன்னால் திருத்தவேண்டும். இதைக் கேள்விப்பட்ட அயலார், தங்கள் வீட்டுக்குப் பாஸ் வருகிறபோதும் அவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் காவல் இருப்பதைப் பார்க்கவேண்டும். தேத்தண்ணி கொடுத்தால் குடிக்கமாட்டாள், குடிக்கும்போது கண் கோப்பைக்குள் போய்விடுமாம். போன் அடித்தாலும் எடுக்கமாட்டாள். கழற்றுகிற ஒவ்வொன்றும் அவள் மடிக்கு வரவேண்டும். "அது என்ன? என்னத்துக்குக் கழட்டுற?" என்று கேட்பாள். மறுமொழி அவளுக்கு விளங்காது. அவள் மறுமொழியைக் கேட்பதேயில்லை, சொல்கிறவனின் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குக் கைநடுங்கி ஸ்குரூவைத் தவறவிட்ட பாஸ்மார் உண்டு. பாதியில் எழும்பிப் போனவர்களும் உண்டு. வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதா, எவன் வரம்பை வெட்டுகிறான் என்று வட்டை முழுக்கச் சுற்றித் திரிகிற வட்டவிதானையைப்போல இருக்கிறாள் என்று, ஊரில் அவளுக்கு 'வட்டவிதானை' என்றே பட்டம் வைத்தார்கள். மார்கிறட் கோபிப்பதுபோலக் காட்டிக்கொள்வாள். உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்திருந்தது.

அவளுடைய கணவரின் பெயர் பற்றிக். அவர் இதற்கெல்லாம் நேர்மாறு. வாய் திறந்து ஒருவரைக் குறை சொல்லாத மனிதர். உப்பாற்றில் வலை வீசித் திரிந்த அவரைச் சீனி வருத்தம் பிடித்து, காலில் ஒரு விரலையும் எடுத்தாயிற்று. இப்போது பாலத்தடியில் தூண்டில் போடுவதோடு சரி. காலையும் மாலையும் மார்கிறட்தான் இன்சுலின் ஊசி போடுவாள். குரக்கன் பிட்டு, பாகற்காய், அவித்த மீன் என்று அவள் வைப்பதை ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டுக் கைகழுவுவார். இப்படியொரு புருசன் கிடைத்தது மாதாவின் கருணை என்று அவள் கோயிலில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அப்படியிருந்தும் அவருடைய சீனி இறங்கவில்லை. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் தாதி உதட்டைப் பிதுக்கினாள். மார்கிறட்டுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? கடைக்காரன் குரக்கன் மாவில் கோதுமையைக் கலக்கிறான் என்றாள். சீனி பார்க்கிற மெசின் பழுது என்றாள். கடைசியில் மருந்துப் போத்தலையே வெளிச்சத்தில் பிடித்து, இதற்குள் இருப்பது மருந்தா வெறுந்தண்ணியா என்று பார்த்தாள்.

"இந்தக் காயம் ஆறாட்டி அடுத்தது கால்தான். மருந்தைக் குளிரில வச்சு நேரத்துக்குப் போடுங்க" என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பிரிட்ஜுக்கு ஒரு மரியாதை வந்தது. கதவுத் தட்டில் மருந்து, அதற்குக் கீழே மரக்கறி, மேலே ஐஸ் பிடிக்கும் அறையில் மீனும், பற்றிக் தூண்டிலுக்கு வைத்திருக்கும் இரை இறால் பையும். அந்தப் பையின் நாற்றத்துக்கு மார்கிறட் கிட்டவே போகமாட்டாள்.

இந்த நேரத்தில்தான் ரதீஸ் ஊருக்குள் வந்தான்.

ரதீஸ் பனிச்சங்கேணிக்காரன். கட்டாரில் ஏசி திருத்துகிற வேலை பார்த்துவிட்டு வந்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் வேலை செய்கிறவன். அவன் கை பட்ட சாமான் திரும்பப் பழுதானதில்லை என்று வாகரைப் பக்கம் பேச்சிருந்தது. பக்கத்து வீட்டு டினோஷாவின் வாஷிங் மெசின் நின்றுபோக, அவனைக் கூப்பிட்டார்கள். மார்கிறட் வழக்கம்போலக் கதிரையோடு போனாள். மற்றவர்களைப்போல அவன் முகத்தைச் சுளிக்கவில்லை. கதிரையைத் தானே முன்னால் இழுத்துப் போட்டான்.

"இஞ்சால இரிங்க மாமி. அவடத்தில இருந்தா கை மறைக்கும்."

மார்கிறட்டுக்கு அங்கேதான் சந்தேகம் பிடித்தது. காவலைக் கண்டு முகம் கறுக்கிறவனை நம்பலாம், காவலுக்குக் கதிரை போட்டுக் கொடுக்கிறவனை எப்படி நம்புவது? தேன் ஒழுகப் பேசுகிறானே, கெட்டிக்காரக் கள்ளன் இவன்! அவள் கண்ணை இன்னும் அகலமாகத் திறந்தாள். அவன் மெசினின் முதுகைத் திறந்து, கறுத்துப்போன ஒரு சின்ன உறுப்பைக் கழற்றித் தன் பைக்குள் போட்டதுதான் தாமதம்.

"அடேய்! எங்க கொண்டுபோற அதை?"

"எரிஞ்சு போச்சு மாமி. அதே அளவில வேற வாங்கக் கொண்டுபோறன்."

"எரிஞ்ச சாமான் உனக்கு என்னத்துக்கு? கொட்டு பையை!"

அவன் கொட்டுமுன் அவளே கவிழ்த்தாள். திருகாணிகள், சோற்றுப் பார்சல், ஒரு சீப்பு, குழந்தைக்கு வாங்கிய இருமல் மருந்து எல்லாம் முற்றத்தில் உருண்டன. வேலியோரம் நின்ற சனம் சிரித்தது. களவுச் சாமான் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்தக் கறுத்த உறுப்பை மார்கிறட் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது இல்லாமல் தனக்கு வேலை செய்ய ஏலாது என்றான் ரதீஸ். ஏலாவிட்டால் விட்டுப்போட்டுப் போ என்றாள் அவள். அவன் இருமல் மருந்துப் போத்தல் உடைந்திருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு அவன் மாங்கேணிக்கு வரவில்லை. வேறு எவனும் வரவில்லை. பாஸ்மார் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறவர்கள்தானே! டினோஷாவின் மெசின் முதுகு திறந்தபடி கிடந்தது. அதற்குள் கோழி முட்டையிட்டது. டினோஷா கிணற்றடியில் குந்தியிருந்து பிள்ளைகளின் உடுப்பைத் தோய்த்தாள். மார்கிறட்டைக் கண்டால் சிரிப்பாள், ஆனால் பேச்சு முன்னைப்போல இல்லை. ஊரும் அப்படித்தான். முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவள் போனபிறகு சொன்னார்கள்.

கச்சான் காற்று நெருப்பாய் அடித்துக்கொண்டிருந்த நாளில், மார்கிறட்டின் பிரிட்ஜ் குளிரை நிறுத்தியது. விளக்கு எரிந்தது, மோட்டாரும் உறுமியது, குளிர் மட்டும் இல்லை. மீன் மணத்தது. மருந்துப் போத்தலைத் தொட்டுப் பார்த்தாள். போத்தல் வெதுவெதுப்பாக இருந்தது.

வேறு வழியில்லாமல் டினோஷாவின் பிரிட்ஜில் கொண்டுபோய் வைத்தாள். அந்தப் பிள்ளை, நல்லாய்க் குளிரட்டும் என்று ஐஸ் பிடிக்கும் அறைக்குள் வைத்துவிட்டது. காலையில் போத்தல் கல்லாய்க் கிடந்தது. உறைந்த மருந்து உதவாது, எறியுங்கள் என்றாள் தாதி. புதுப்போத்தல் தரும்போது, இதையும் பழுதாக்கினால் ஐயாவின் காலுக்கு நான் பொறுப்பில்லை என்று திட்டியும் அனுப்பினாள். மார்கிறட் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். டினோஷா தெரியாமல்தான் செய்தாளா? மெசின் கோபத்தை மனதில் வைத்துச் செய்தாளா? ச்சே, அந்தப் பிள்ளையா? ஏன், பிள்ளையென்றால் கோபம் வராதா?

போத்தலை ஈரத்துணியில் சுற்றி மண்சட்டிக்குள் வைத்தாள். அடிக்கிற காற்றுக்குத் துணி வைக்க வைக்கக் காய்ந்தது. வாழைச்சேனையில் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் எடுத்தாள். ஒருவன் பிரிட்ஜைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னான். இன்னொருவன் மாங்கேணி என்றதும், "அந்தக் கதிரை மாமிட ஊரா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தான். மார்கிறட்டுக்குக் காது சிவந்தது.

"நான் ரதீஸோட கதைச்சுப் பார்க்கட்டா?" என்றார் பற்றிக். ஆச்சரியமாக இருந்தது. இப்படியான விஷயங்களில் அவர் தலையிடுவதில்லை.

"அந்தக் கள்ளனோடயா?"

"வேற ஆரு வருவான் சொல்லு?"

மார்கிறட் மண்சட்டித் துணியை மறுபடி நனைத்தாள். பற்றிக் போனை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி மரமுந்திரிகை மரத்தடிக்குப் போனார். கொஞ்சநேரம் கதைத்துவிட்டு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வாறானாம். ஆனா நீ வீட்டில இருக்கப்படாதாம். கதிரை, காவல் ஒண்டும் ஏலாதாம்."

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா அவண்ட குணத்தை? ஆள் இல்லாத நேரம் என்ன செய்யப்போறான்? கொம்பிரசரையே கழட்டிக்கொண்டு போயிருவான்! வரவேணாம் எண்டு சொல்லுங்க!"

கத்திவிட்டுத் திரும்பினாள். பற்றிக் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டிருந்தார். கட்டுத்துணியில் ஈரம் கசிந்திருந்தது. இலையான் ஒன்று அதைச் சுற்றிப் பறந்தது. மார்கிறட் இலையானைக் கலைத்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஈரக் கட்டை அவிழ்த்து மாற்றினாள்.

"சரி, வரச் சொல்லுங்க. நான் டினோஷா வீட்டில போய் இரிக்கன்" என்றாள்.

சொன்னாள்தான். சும்மா போவாளா மார்கிறட்? அடுத்தநாள் விடிந்ததும் கியூட்டெக்ஸ் போத்தலோடு பிரிட்ஜின் பின்னால் படுத்தாள். கொம்பிரசர், கம்பிகள், தகட்டு மூடி, திருகாணித் தலை, ஒன்றுவிடாமல் குறிபோட்டாள். அதுவும் அவளுக்குப் போதவில்லை. கட்டாரில் இருக்கும் மகன் அன்ரோ அனுப்பிய போன் இருக்கிறதே! அதில் வீடியோ எடுக்க அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். பிரிட்ஜுக்கு எதிரே சுவரில் மாதா சொரூபம் வைத்த தட்டு. சொரூபத்துக்கும் பூச்சாடிக்கும் இடையில் போனைச் செருகி, கமராக் கண்ணாடி மட்டும் வெளியே தெரிய வைத்தாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுப் பற்றிக் வாசலுக்குப் போனதும் வீடியோவை அழுத்தினாள்.

"தாயே, மன்னிச்சிரு. எனக்கு வேற ஆளில்ல" என்று சிலுவை போட்டுக்கொண்டு பின்கதவால் இறங்கினாள்.

டினோஷா வீட்டு முற்றத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மதில் மறைத்தது. எட்டிப் பார்த்தால் ரதீஸின் மோட்டார் சைக்கிளும் சிலிண்டரும் மட்டும் தெரிந்தன. கோழி பிடிக்கிறமாதிரிக் குந்தினாள், எழும்பினாள், மறுபடி குந்தினாள்.

"கொஞ்சம் உப்புக் கேக்கிற மாதிரிப் போய்ப் பார்த்திட்டு வாகா" என்றாள் டினோஷாவிடம்.

டினோஷா போன வேகத்தில் திரும்பி வந்தாள். "கதவு சாத்தி இரிக்கு மாமி. உள்ளுக்கு மாமா ஏதோ மெதுவாக் கதைக்கிறார்."

கதவு சாத்தியிருக்கிறதா! பட்டப்பகலில், இந்தப் புழுக்கத்தில், கதவைச் சாத்தி எந்தப் பாஸ் வேலை செய்வான்? பாவம் மனிசன், பயமுறுத்துகிறானோ என்னவோ. மார்கிறட் தன் வீட்டுப் படலைவரை ஓடினாள். ஓடியவள் நின்றாள். அவள் நுழைந்தால் அவன் எழும்பிப் போவான். அவன் போனால் மருந்து போகும். மருந்து போனால் கால் போகும். படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் வாழ்க்கையில் ஒரு பாஸ் வேலை செய்கிறபோது கண்ணை மூடிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

வெயில் சாயத் தொடங்கும்போது கதவு திறந்தது. ரதீஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிலிண்டரைத் தூக்கி வந்தான்.

"காஸ் போயிட்டு மாமி. பழைய பைப், ஓட்டை விழுந்திரிக்கு. அடைச்சுக் காஸ் ஏத்தியிரிக்கன். இனிப் பிடிக்கும்."

"பழைய பைப்பா? அன்ரோ போன வருசத்துக்கு முந்தின நத்தார் பெருநாளுக்கு வாங்கித் தந்த பிரிட்ஜ். அதுக்குள்ள பழசாப் போயிட்டோ? ஆருக்குக் கதை விடுற?"

"உப்புக்காத்துத்தானே மாமி" என்றான். சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. மார்கிறட் அதைக் கவனித்தாள். பொய் சொல்கிற முகத்தை அவளுக்குத் தெரியாதா?

"பொய்! நீ பொய் சொல்லுற! என்னத்தைக் கழட்டினாய், சொல்லு!"

அவன் சிலிண்டரைக் கட்டினான். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். மார்கிறட் உள்ளே ஓடிப் பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, குறி ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். எல்லா இடத்திலும் வளையமும் கொக்கியும் அப்படியே இருந்தன. அவளுக்குக் கோபம்தான் கூடியது. குறி எல்லாம் சரியாய் இருக்கிறதென்றால், குறி போடாத இடத்தில் கை வைத்திருக்கிறான்! பற்றிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவரைக் கேட்டால், "நல்ல பொடியன், விடு" என்றார்.

அவள் விடவில்லை. மருந்துப் போத்தலை மண்சட்டியிலிருந்து பிரிட்ஜ் கதவுத் தட்டுக்கு மாற்றிவிட்டு, மாதாவின் பக்கத்திலிருந்த போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து வீடியோவைப் போட்டாள்.

படத்தின் ஓரத்தில் பூ ஒன்று மறைத்தது. ரதீஸ் உள்ளே வருகிறான். பற்றிக் கதவைச் சாத்துகிறார். பற்றிக்தான் சாத்துகிறார்.

"மாமி எங்க?" என்றான் ரதீஸ்.

"கோயிலுக்குப் போயிட்டா மனே. நீ வேலையைப் பாரு."

"அவ வரட்டும் மாமா, நான் வெளியில நிக்கன். அவ இல்லாம நான் திறக்கமாட்டன்."

மார்கிறட் போனைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"ஏன் மனே? அவ இரிந்தா உனக்குக் கரைச்சல்தானே?"

"அவ இரிந்தாத்தான் எனக்கு நல்லம். கட்டாரில ஒரு வீட்டில ஆக்கள் இல்லாத நேரம் வேலை செய்தன். மறுகா ஏதோ காணயில்லயெண்டு என்னைப் பிடிச்சுக் கொண்டுபோய் இருத்தினவனுகள். அண்டையில இருந்து ஆள் நிக்காத வீட்டில நான் கை வைக்கிறயில்ல. மாமி கதிரையைப் போட்டு இருந்தா ஊரில ஒருத்தரும் என்னைக் கள்ளன் எண்ட ஏலாதே! அண்டைக்குப் பையைக் கொட்டினதுதான் மனசுக்கு ஒருமாதிரிப் போயிட்டு. நீங்க போன் எடுத்து, மாமி வரச் சொன்னவ எண்டபடியால்தான் வந்தன்."

மார்கிறட் அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டாள். அவள் வீட்டில் இருக்கக்கூடாது என்று சொன்னது ரதீஸ் இல்லை. அப்படியென்றால் சொன்னது?

படத்தில் பற்றிக் கையைப் பிசைந்தார். பிறகு பிரிட்ஜின் மேலறையைத் திறந்து, இரை இறால் பையை வெளியே எடுத்தார். அதை அவிழ்த்தார். மேலே நாலு இறால். கீழே எல்லாம் உருகிப்போன ஐஸ்கிறீம் கப்.

"அவ இதைக் கண்டா என்னைக் கொன்றுபோடுவா மனே. ஐஸ்கிறீம் ஓட்டோ பாலத்தடிக்கு வரும். நான் வாங்கி இதுக்குள்ள வச்சிருவன். இந்தமுறை பை ஐஸோட இறுகிற்று, கிளப்ப ஏலாமப் போயிற்று. மீன் வெட்டுற கத்தியால நெம்பினன். உஸ்ஸெண்டு ஒரு சத்தம் வந்திச்சு. அதோட சரி."

ரதீஸ் குனிந்து உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தான். "கத்தி காஸ் பைப்பில நல்லா இறங்கியிரிக்கு" என்றான்.

"சொல்லிப்போடாத மனே. நான் சாகிற கட்டைதானே. வாய்க்கு ஒண்டுமில்ல. அவ வைக்கிறதைத் திண்டு திண்டு நாக்குச் செத்துப்போச்சு. ஆனா அவ பாவம். என்னை நம்பியிரிக்கா. ஆரையும் நம்பாதவ என்னை மட்டும் நம்பியிரிக்கா. அதுதான் எனக்குப் பயம்."

ரதீஸ் டோர்ச்சை அணைத்தான். பிறகு இறால் பையிலிருந்த கப்பை எல்லாம் இன்னொரு பைக்குள் அள்ளிக் கட்டினான்.

"நான் சொல்லல்ல மாமா. பழைய பைப் எண்டு சொல்லுறன். அவ நம்பமாட்டா, என்னைத்தான் கள்ளன் எண்டுவா. எண்டிட்டுப் போகட்டும். ஆனா இதை இனித் திண்டா எண்ட வாயை நான் மூடிக்கொண்டு இருக்கமாட்டன். உங்கட காலைப் பார்த்தீங்களா?"

பற்றிக் கட்டிலில் உட்கார்ந்து உடுத்திருந்த சாரத்தால் முகத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகு போனில் இடமில்லாமல் வீடியோ நின்றுபோயிருந்தது.

மார்கிறட் வாளியின் மேல் அப்படியே இருந்தாள். முதலில் கோபம் வந்தது. உள்ளே ஓடிப்போய் அந்த மனிசனின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல வந்தது. குரக்கன் மாவைச் சலித்துச் சலித்துப் பார்த்தேனே! மருந்துப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தேனே! ஊரில் இருக்கிற ஒவ்வொருத்தனையும் கள்ளன் என்றேனே! கோபம் தீரும்போது அழுகை வந்தது. அவர் தின்றதற்காக அழுதாளா, தன்னைப் பாவம் என்று சொன்னதற்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கிணற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு எழும்பினாள்.

டினோஷா வீட்டுக்குள் போய், மெசினின் மேலே ஒரு கோப்பைக்குள் தான் அன்றைக்குப் போட்டுவைத்த கறுத்த உறுப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். தன் வீட்டு வாசலில் நின்று, உள்ளே கேட்கும்படியாக ரதீஸுக்குப் போன் எடுத்தாள்.

"மனே, நான் மார்கிறட் மாமி. நான் உன்னைக் கள்ளன் எண்டது பிழை. நீ கள்ளன் இல்ல. டினோஷாட மெசின் இன்னும் திறந்தபடிதான் கிடக்கு. அந்த எரிஞ்ச சாமான் எண்ட கையில இரிக்கு. வந்து அளவுக்குக் கொண்டுபோ."

அங்கே அவன் ஏதோ கேட்டான்.

"இல்ல மனே, நான் வந்து இருக்கமாட்டன். டினோஷாவை இருத்திவைக்கன், உனக்கு ஒரு கதையும் வராது. எனக்கு வீட்டில காவல் இரிக்கு."

கதைத்து முடித்துவிட்டு, போனும் கையுமாக உள்ளே வந்தாள். கதிரையை எடுத்து வந்து போட்டாள். பிரிட்ஜைப் பார்த்தல்ல, பிரிட்ஜுக்கு முதுகு காட்டி, கட்டிலைப் பார்த்துப் போட்டாள். உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். பற்றிக் மெல்லத் திரும்பிப் பார்த்தார். அவள் கையிலிருந்த போனையும், மாதா தட்டில் சரிந்து கிடந்த பூவையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"பாஸ்தான் போயிட்டாரே. இனி ஆரைப் பார்க்கிற?" என்றார், சிரிக்கப் பார்த்து.

"உங்களத்தான்."

அவர் வாய் திறந்தார். அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"ஒண்டும் சொல்லாதீங்க. எனக்கு இந்த ஊரே கள்ளர் எண்டாலும் பரவாயில்ல, நீங்க ஒருத்தர் இரிக்கீங்க எண்டு இருந்தன். நீங்க செத்துப்போனா நான் ஆரை நம்புற? ஆரைச் சந்தேகப்படுற?"

பற்றிக் எழும்பி உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை அவள் பக்கமாக நீட்டினார். பிரிட்ஜ் உள்ளே உறுமிக் குளிரத் தொடங்கியிருந்தது. மார்கிறட் கதிரையை விட்டு எழும்பாமலே கையைப் பின்னால் நீட்டிப் பிரிட்ஜ் கதவைத் திறந்து, மருந்துப் போத்தலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. ஊசியை நிரப்பினாள்.